முடிச்சுப் போட்ட கம்பி

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

உன் சளி போயிற்றா? இருமிக்கொண்டே எழுதுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து இங்கே எனக்குத் தொண்டை கரகரக்கிறது. மற்றபடி நான் சுகம், என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

நீ முதலில் தேடுவது மீனைத்தான், அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஆறு தொட்டியும் ஓடுகின்றன. கடைசித் தொட்டிக் கிழவன், அந்தக் கொழுத்த தங்கமீன், நான் கிட்டே போனாலே வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடுகிறான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் உன் ரகம்.

சொல்ல வந்தது வேறு. பின்னறையில் மொத்தம் பதினொரு அடாப்டர். பம்புக்கு ஆறு, விளக்குக்கு நாலு, விசிறிக்கு ஒன்று. எல்லாம் மூன்று எக்ஸ்டென்ஷன் பலகையில் தொங்குகின்றன, கீழே எப்போதும் ஈரம். போன செவ்வாய்க்கிழமை நடுப்பலகை கருகிவிட்டது. நான் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, நாற்றம் வந்து கண்டுபிடித்தேன். தொட்டபோது கை சுட்டது.

ஆறு மாதம் பார்த்துக்கொள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாய். நாலு வருடம் ஆகிறது. குத்திக்காட்டவில்லை, களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்து ஒரே ஸ்விட்சில் அடக்க முடியுமா? அப்படிச் செய்தால், எது பிளஸ் எது மைனஸ் என்று தெரிய, அம்மா ரேடியோ பழுதுபார்க்கும் மேசையில் கம்பிக்குப் போடுவாளே, அந்த மாதிரி முடிச்சுப் போட்டு அனுப்பு. சிவப்பு கறுப்பெல்லாம் வேண்டாம். வீட்டில் இருப்பது வெள்ளைக் கம்பிதான், நிறம் கலந்தால் எனக்குக் குழப்பம்.

உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடிக்கொண்டு தூங்கு.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் இருமுகிறோம், நான் கொஞ்சம் குறைவாக. உன் தொண்டைக்கு என்ன செய்தாய்? வெந்நீர் குடி, என் பேச்சையும் ஒரு தடவை கேள்.

சுரங்கப் பாதை இன்னும் பாதிதான் வந்திருக்கிறது. நாள் முழுக்க உள்ளே விளக்கும் காற்று விசிறியும் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆயிரம் விளக்கைக் கட்டி மேய்க்கிறவனுடைய வீட்டில் பலகை கருகுகிறது என்றால் கேட்கிறவன் சிரிப்பான். ஒரே பெட்டி நல்ல யோசனை. இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

ஒன்று செய். ஒவ்வொரு அடாப்டரின் அடியிலும் பொடி எழுத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். பதினொன்றையும் பார்த்து எழுதி அனுப்பு. நீ அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், உன் கண்ணுக்கு அது ஒரு வேலையா?

இன்னொரு விஷயம். செப்டம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார் என்ஜினியர். இருப்பதானால் ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். உன்னைத் தொட்டிகளோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டோமே என்பதுதான் எனக்கு உறுத்தல். ஒரே ஸ்விட்சில் எல்லாம் அடங்கிவிட்டால் நிம்மதியாகப் போட்டுவிடுவேன். நீ என்ன சொல்கிறாய்?

இங்கே போன் எடுக்காது என்று உனக்குத் தெரியும். கடிதம் சனிக்கிழமை காய்கறி வண்டியில்தான் கீழே போகும், தாமதமானால் திட்டாதே.

நெட்டை


ஏப்ரல் 16

அன்புள்ள நெட்டைக்கு,

சுகமா? நான் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, கண்ணாடி உடைந்துவிட்டது. அடாப்டரில் இருந்ததை மேல்வீட்டுத் தையல்காரம்மா வாசித்தாள், நான் எழுதிக்கொண்டேன். "எறும்பு கூட இதைப் படிக்காதுக்கா" என்று அலுத்துக்கொண்டாள். விவரம் தனித்தாளில் இருக்கிறது. பம்பில் இரண்டு ஆறு வோல்ட், ஒன்று ஒன்பது, மீதி பன்னிரண்டு. விளக்கும் விசிறியும் பன்னிரண்டு.

அச்சகத்தில் என்னைப் பிழை திருத்தும் மேசையிலிருந்து தாள் அடுக்கும் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நிம்மதி, கை பாட்டுக்கு வேலை செய்கிறது.

நீ கேட்ட இன்னொன்று உன் இஷ்டம். நான் சொல்ல என்ன இருக்கிறது?

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கண்ணாடி வாங்கினாயா இல்லையா? உன் கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டே வரி. சுவர் விளம்பரம் மாதிரி இருக்கிறது. இங்கே சமையல்காரர் எட்ட நின்றே படித்துவிட்டு, "உங்க அக்கா ரொம்ப சத்தமா எழுதறாங்க" என்றார்.

ஆறும் ஒன்பதும் பன்னிரண்டும் கலந்து கிடந்தால் ஒரே பெட்டி சரிப்படாது. அதனால் எல்லாம் பன்னிரண்டு வோல்ட்டாக ஆறு புதுப் பம்பு வாங்கி, நானே கம்பி பற்றவைத்து அனுப்புகிறேன். பம்பு எல்லாம் சேர்ந்து மூன்று ஆம்பியர், விளக்கு இரண்டு, விசிறி அரை. ஐந்தரை ஆகிறது. நான் பத்து ஆம்பியர் பெட்டி அனுப்புகிறேன். ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்பாய். எல்லாரும் ஒருத்தர் தலையில் தொங்கும்போது அந்த ஒருத்தருக்குப் பாதித் தெம்பாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறியே சாகும், வெளியே தெரியவும் தெரியாது.

பெட்டியைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டு. ஒவ்வொரு தொட்டிக்கும் தனி பியூஸ் வைத்திருக்கிறேன், ஒன்று கெட்டால் மற்றது நிற்காது. கம்பி பெட்டிக்கு ஏறுவதற்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விடு. வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. பழைய அடாப்டர்களின் கம்பியை வெட்டி விளக்குகளுக்கு நீட்டிக்கொள். விளக்குக்குப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் கெடாது, எரியாது அவ்வளவுதான், திருப்பிக் கொடு. பம்புதான் தாங்காது. அதற்குத்தான் முடிச்சு இருக்கிறதே, அம்மா போட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

முடிச்சுப் போடும்போது அம்மா நினைவாகவே இருந்தது. கடைசியில் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று சமையல்காரர் கேட்டார். அம்மாவே வர வேண்டாம் என்று எழுதினாள் என்றேன். அந்தக் கடிதம் இன்னும் என் துணிப் பெட்டியில் இருக்கிறது. இருபது வருடமாக அதை வைத்துத்தான் நான் கேட்கிறவர்களுக்கும், எனக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நெட்டை


மே 29

அன்புள்ள நெட்டைக்கு,

சுகம். பார்சல் வந்தது. பெட்டி கனம். தையல்காரம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நானே ஏறித் துளை போட்டு மாட்டினேன். "விழுந்தா என் மேலதான் விழுவீங்க, என் இடுப்பு ஏற்கெனவே போச்சு" என்று கீழேயிருந்து பாட்டுப் பாடினாள். விளக்குகளுக்குக் கம்பி நீட்டியாயிற்று. பழைய பம்புகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்விட்ச் போடப் போகிறேன்.

அம்மா கடிதத்தையெல்லாம் எதற்கு இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய்? தூக்கிப் போடு.

அக்கா


ஜூன் 9

நெட்டை,

நலம் விசாரிக்கத் தெம்பில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்விட்சைப் போட்டேன். ஒரு முனகல் கேட்டது, பிறகு கருகிய நாற்றம். ஆறு பம்பும் போய்விட்டன. பழையவை கையில் இல்லை. அடாப்டர் கம்பியெல்லாம் வெட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை. காற்றுக்கு வேறு வழி இல்லாமல் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். ஆறு தொட்டிக்கும் மாறி மாறி, காலையிலிருந்து பொழுது சாயும் வரை. தையல்காரம்மா மூன்று தொட்டி, நான் மூன்று தொட்டி. தோள்பட்டையை இன்னும் தூக்க முடியவில்லை.

மறுநாள் கடை திறந்ததும் நாலு பம்பு கிடைத்தது. நடு இரண்டு தொட்டியில் எல்லாம் போய்விட்டன. நீ ஜோடி சேர்த்து வைத்திருந்தாயே, அவைதான். எண்ணவில்லை. கிழவன் பிழைத்துக்கொண்டான்.

உன் முடிச்சைப் பார்த்துத்தான் கொடுத்தேன். எங்கே தப்பு நடந்தது என்று தெரியவில்லை.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

தோள் எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவு.

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நடுத் தொட்டி மீன்களை வைத்துத்தான் திரும்பி வந்ததும் பிழைப்பு என்று நினைத்திருந்தேன். அடாப்டர் கம்பியை வெட்டச் சொன்னது நான்தான், அது என் மடத்தனம். ஆனால் பம்பு எப்படிக் கருகும்? முடிச்சு உள்ள கம்பியை எதில் கொடுத்தாய்? முடிச்சு மைனஸ். நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான். ஒருவேளை மறந்தே போயிருந்தாலும், பெட்டியில் ஒவ்வொரு திருகாணிக்குப் பக்கத்திலும் பிளஸ், மைனஸ் என்று அச்சடித்திருக்கிறது. கம்பியில் நானே சின்னச் சீட்டு ஒட்டியிருந்தேன். எட்டிப் பார்க்கக் கூடவா முடியவில்லை?

ஒரு எழுத்து தலைகீழாக இருந்தால் கண்டுபிடிக்கிறவள் நீ. எனக்கு விளங்கவில்லை.

நெட்டை


ஜூலை 5

நெட்டை,

முடிச்சு பிளஸ். அம்மா மேசையில் கடைசி வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி பிடித்தவள் நான். நீ வேலைக்குப் போன பிறகு அம்மா மாற்றிவிட்டாள். உனக்குத் தெரியாதது என் குற்றமா?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கை வலி.

அக்கா


ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

கை வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா?

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்துவிட்டேன், ஆறே வரி என்பதால் கஷ்டம் இல்லை. அம்மா ஏன் மாற்றினாள்? காப்பி டம்ளரை வைக்கிற இடத்தைக் கூட மாற்றாதவள் அவள். பதினைந்து வருடம் மைனஸில் முடிச்சுப் போட்ட கை திடீரென்று ஏன் பிளஸுக்குப் போகிறது? யாரோ மாற்றச் சொன்னார்களா? மேசைக்கு வேறு ஆள் வந்தாரா?

அதோடு நீ ஏன் சீட்டைப் படிக்கவில்லை? ஏன் அடாப்டரைத் தையல்காரம்மா வாசித்தார்? ஏன் உன்னைத் தாள் அடுக்கப் போட்டார்கள்? ஏப்ரலில் உடைந்த கண்ணாடியைப் பற்றி அப்புறம் நீ பேச்சே எடுக்கவில்லை.

கையெழுத்துப் போடச் சொல்லி என்ஜினியர் தினமும் கேட்கிறார். எனக்கு நீ பதில் சொல்ல வேண்டும். உன் இஷ்டம் என்று எழுதினால் அது பதில் இல்லை.

நெட்டை


ஆகஸ்ட் 14

அன்புள்ள நெட்டைக்கு,

இது என் கையெழுத்து இல்லை என்று பார்த்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்லத் தையல்காரம்மா எழுதுகிறாள். நாலு வாரமாக நானே எழுதப் பார்த்தேன். ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக்கொள்கிறது.

நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் தெரியாது. தடவித்தான் ரேடியோ பார்த்தாள். அப்போதுதான் முடிச்சை மாற்றினாள். "சும்மா கிடக்கற கம்பியைத் தடவி எனக்கு என்ன ஆகணும்? வம்பு பண்ற கம்பிதான் முதல்ல கையில தட்டணும்" என்றாள். வந்த ரேடியோவில் எல்லாம் பழைய முடிச்சை அவிழ்த்துப் புதுசு போட்டோம், அவளும் நானும், ஒரு வாரம்.

நீ அப்போதுதான் அணைக்கட்டு வேலையில் சேர்ந்திருந்தாய். இரண்டு வருடத்துக்கு லீவே கிடையாது, எடுத்தால் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாய். அதனால் கண் விஷயத்தை உனக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அந்த இரண்டு வருடம் உனக்கு வந்த கடிதம் எல்லாம் நான் எழுதியவை. எனக்கு எழுதப் பழக்கியது அவள்தானே, இரண்டு கையெழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன், ஒரு கடிதத்தைத் தவிர.

நீ பெட்டியில் வைத்திருக்கிறாயே, அது. அம்மா சொன்னது, "ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லு, முகத்தைத் தடவிப் பாத்துக்கறேன்." நான் எழுதியது, நீ வர வேண்டாம், வேலையைப் பார், நான் நன்றாக இருக்கிறேன். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொன்னாள். அவள் சொன்னதையே வாசித்துக் காட்டினேன். அதற்கப்புறம் பதினாறு நாள் இருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "நெட்டையா?" என்பாள். பால்காரருக்கும் அதே கேள்வி.

உன் வேலை போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன். அம்மா அவ்வளவு சீக்கிரம் போவாள் என்று நினைக்கவில்லை. இது சமாதானம் இல்லை, நடந்தது.

எனக்கும் அம்மாவின் வழிதான். பார்வையில் ஓரமெல்லாம் போய்விட்டது, நடுவில் ஒரு ஓட்டை அளவு தெரிகிறது, அதுவும் சுருங்குகிறது என்கிறார் டாக்டர். அதனால்தான் முடிச்சுக் கேட்டேன். ஒரே ஸ்விட்ச் கேட்டதும் அதனால்தான். கண்ணாடி ஒன்றும் உடையவில்லை.

இவ்வளவுதான். மீனைத் தையல்காரம்மா பார்த்துக்கொள்கிறாள். நான் சமாளித்துக்கொள்கிறேன். நீ

தம்பிக்கு, மேல்வீட்டுத் தையல்காரி எழுதுவது. மேலே பாதியில் நிற்கும் வரியை அக்கா முழுசாகத்தான் சொன்னார்கள், நான்தான் எழுதவில்லை. நீ கையெழுத்துப் போட்டுவிடு, வர வேண்டாம், நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதச் சொன்னார்கள். இப்போதுதான் அந்தப் பழைய கடிதக் கதையை என் கையாலேயே எழுதி முடித்தேன், மை கூடக் காயவில்லை. "அதே வரியை இப்ப என்னை எழுதச் சொல்றீங்களாக்கா? ஆளை விடுங்க" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பேனாவை அக்கா தடவி எடுத்துக்கொண்டார்கள். பிறகு தாள் எங்கே என்று கேட்டார்கள். விரலை வைத்துக் காட்டினேன். கீழே இருப்பது அவர்களே எழுதியது.

வா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இதை வாசிக்கும் தையல்காரம்மாவுக்கு முதலில் ஒரு வணக்கம். நீங்கள் எதையும் விடாமல், மாற்றாமல் வாசியுங்கள்.

நீ நாலு வாரம் பதில் போடவில்லை என்ற கோபத்தில் போன திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதன்கிழமை உன் கடிதம் வந்தது. அன்றைக்கே என்ஜினியரிடம் போய்த் தாளைத் திருப்பிக் கேட்டேன். நல்லவேளை, மேசை இழுப்பறையிலேயே இருந்தது. "போட்ட கையெழுத்தாச்சேய்யா" என்றார். உன் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். ஒரே ஒரு எழுத்து, தாளில் பாதி அளவு, சாய்ந்து ஓரத்துக்குப் போயிருந்தது. அவர் தாளைக் கொடுத்துவிட்டார்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருபது வருடம் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். இப்போது கால் ஊன்ற இடம் இல்லை. உன்னைத் திட்ட வேண்டும், சத்தமாக, எதிரில் உட்கார்ந்து. அதற்கும் சேர்த்துத்தான் வருகிறேன். உன் கண் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

முடிச்சு இனிமேல் பிளஸ்தான். அம்மா கடைசியாகச் சொன்னது எதுவோ அதுவே இருக்கட்டும். புதுசாக ஆறு பம்பு கொண்டுவருகிறேன். நான் கம்பியைப் பிடிக்கிறேன், நீ முடிச்சுப் போடு.

அந்தக் கடிதத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கம் காலியாக இருக்கிறது. அம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு, அதில் எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி சாயங்காலம் வந்துவிடுவேன். செருப்புச் சத்தம் கேட்டால் யாரென்று கேட்காதே, நான்தான்.

நெட்டை